1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ்: ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்த அணியை ஏன் கலைத்தார்கள்?

கேள்வி: 1951-ல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான டான்ஸ் (Dons) ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் சீசன் முடிவில் அழைக்கப்பட்ட அணிகள் மட்டும் ஆடும் புத்தாண்டு பவுல் போட்டிகள் எதற்கும் அழைப்பு வரவில்லை, சீசன் முடிந்ததும் அணியையே மூடிவிட்டார்கள். இரண்டு கறுப்பின வீரர்கள் இருந்ததுதான் காரணம் என்கிறார்கள். அது உண்மையா? அந்த அணி அவ்வளவு நல்ல அணியா?

பதில்: அழைப்பு வராததற்கு நிறம் முக்கியக் காரணம். அணி மூடப்பட்டதற்குப் பணம் காரணம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் பெரும்பாலும் கதை சொல்லப்படுகிறது. தனித்தனியாகப் பார்த்தால்தான் நடந்தது புரியும்.

பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது காலால் உதைக்கும் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். மைதானம் 100 யார்டு நீளம், அதாவது சுமார் 91 மீட்டர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. தன் சொந்த எல்லைக் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு பிடிபட்டால் அது சேஃப்டி, எதிரணிக்கு 2 புள்ளி. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபையினர் நடத்தும் சிறிய கல்லூரி. அந்தக் காலத்தில் அதன் பகல் வகுப்புகள் ஆண்களுக்கு மட்டும். அணியின் பெயர் டான்ஸ். கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்தில், நகராட்சிக்குச் சொந்தமான கீசார் ஸ்டேடியத்தில் ஆடினார்கள். கிட்டத்தட்ட 60,000 பேர் உட்காரக்கூடிய மைதானம் அது. டான்ஸ் ஆடும்போது பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். பணப் பிரச்சினையின் வேர் அந்தக் காலி பெஞ்சுகளில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பயிற்சியாளர் ஜோ குஹாரிக், நோட்டர் டாம் பல்கலைக்கழக அணியில் கார்டு என்ற முன்வரிசை இடத்தில் ஆடியவர். 1948-ல் பொறுப்பேற்றார். 1951 அவருடைய நான்காவது சீசன், கைக்கு வந்த பையன்களைப் பழக்கி எடுக்கப் போதுமான காலம். பெரிய கல்லூரிகள் வலைவீசிப் பிடிக்கும் பள்ளி நட்சத்திரங்கள் இவருக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் அக்கம்பக்கத்து இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்தே ஆட்களைத் திரட்டினார். ஆலி மேட்சனும் பர்ல் டோலரும் 1948-ல் தோல்வியே காணாத சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் அணியில் சேர்ந்து ஆடியவர்கள். ஜீனோ மார்கெட்டி இரண்டாம் உலகப் போரில் பல்ஜ் சண்டையில் இருந்துவிட்டு, மடெஸ்டோ ஜூனியர் காலேஜ் வழியாக வந்தவர். முதல் நாள் தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாக வந்து இறங்கினாராம். பாப் செயின்ட் கிளேர் உள்ளூர்ப் பையன், உயரம் 2.06 மீட்டர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் எட் பிரவுன். இந்தப் பட்டியலில் மேட்சனும் டோலரும் மட்டுமே கறுப்பினத்தவர்கள்.

சீசனின் கணக்குகளில் சொல்லத் தகுந்தவை சில. சான் ஹோசே ஸ்டேட்டை இரண்டு முறை எதிர்கொண்டு 39–2, 42–7 என்று வென்றார்கள். ஐடஹோவை 28–7. கேம்ப் பென்டில்டன் கடற்படைத் தரைவீரர்களை 26–0. கடைசி ஆட்டத்தில் லயோலாவை 20–2. அந்த 2-களைக் கவனியுங்கள். அன்றைய விதிகளில் ஒரு அணியின் மொத்தம் 2 என்றால் அது சேஃப்டியாக மட்டுமே இருக்க முடியும். அதாவது சான் ஹோசேயும் லயோலாவும் அந்த ஆட்டங்களில் ஒரு தடவைகூட டான்ஸின் எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை. அவர்கள் பெற்ற புள்ளிகளும் டான்ஸ் தன் எல்லைக்குள் தடுக்கி விழுந்ததால் வந்தவைதான். ஓட்டத் தடுப்பில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் இந்த அணிக்குத்தான்; எதிரணிகள் ஆட்டத்துக்குச் சராசரியாக 52 யார்டுகூட ஓட முடியவில்லை. மேட்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தத் தடுப்பை மறந்துவிடுகிறார்கள். அணியை ஜெயிக்க வைத்ததில் மார்கெட்டி, டோலர் ஆகியோரின் தடுப்புக்குப் பாதிப் பங்கு உண்டு.

மீதிப் பாதி மேட்சன். 1951-ல் 245 முறை பந்தைத் தூக்கி ஓடி 1,566 யார்டு சேர்த்தார். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 6.4 யார்டு. நான்கு முயற்சியில் 10 யார்டு எடுக்க வேண்டிய ஆட்டத்தில் இவரிடம் இரண்டு தரம் பந்தைக் கொடுத்தாலே போதும் என்று அர்த்தம். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக ஓட்டம் அவருடையது. 1948-ல் டெக்சாஸ் மைன்ஸ் வீரர் ஃபிரெட் வென்ட் வைத்திருந்த 1,570 என்ற ஒரு சீசன் சாதனையை நான்கே யார்டில் தவறவிட்டார். 21 டச்டவுன். இத்தனைக்கும் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் ஒன்பதாவது இடம்தான் கிடைத்தது. கோப்பை பிரின்ஸ்டனின் டிக் காஸ்மையருக்குப் போனது. அகில அமெரிக்க அணித் தேர்வில் மேட்சனைத் தடுப்பாட்டக்காரராக எடுத்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. நாட்டிலேயே அதிகம் ஓடியவரைத் தடுப்பதற்காகப் பாராட்டினார்கள்!

உண்மையில் டான்ஸ் தோற்கும் நிலைக்கு வந்தது ஒரே ஒரு ஆட்டத்தில்தான். அக்டோபரில் நியூயார்க் போய் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்துடன் மோதினார்கள். இந்தப் பயணத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. மேற்குக் கரையில் என்ன சாதித்தாலும் கிழக்கில் உள்ள பத்திரிகைக்காரர்கள் கண்டால்தான் பெயர், பெயர் வந்தால்தான் பவுல். அணியின் செய்தித் தொடர்பைக் கவனித்தவர் இருபத்தைந்து வயது பீட் ரோசெல், அதே கல்லூரியில் அப்போதுதான் படித்து முடித்தவர். மேட்சனைப் பற்றி நியூயார்க் பத்திரிகை உலகில் முன்கூட்டியே பேச வைத்தது அவருடைய வேலை.

ஆட்டம் 32–26. மேட்சன் இரண்டு கிக்ஆஃப்களைப் பிடித்து, ஒன்றை 94 யார்டும் மற்றதை 90 யார்டும் ஓடி டச்டவுன் ஆக்கினார். கிக்ஆஃப் என்றால் எதிரணி உதைத்து அனுப்பும் பந்து. பதினொரு பேர் முழு வேகத்தில் உங்களை நோக்கி ஓடிவரும்போது அதைப் பிடித்து அவர்களுக்கு நடுவே புகுந்து வெளியேற வேண்டும். ஒரு சீசனில் ஒன்று அப்படிப் போட்டாலே பெரிது. வெற்றி வித்தியாசம் 6 புள்ளி, அந்த இரண்டு ஓட்டங்கள் தந்தது 12. கழித்துப் பார்த்தால் ஒன்பது வெற்றி என்ற பேச்சே இருந்திருக்காது.

நவம்பரில் பசிஃபிக் கல்லூரியை அதன் ஊரான ஸ்டாக்டனில் சந்தித்தார்கள். பசிஃபிக்கும் பவுல் கனவோடு இருந்த நல்ல அணி. டான்ஸ் 47–14 என்று நசுக்கியது. இந்த எண்ணையும் நினைவில் வையுங்கள், திரும்ப வரும். ஒரு வாரம் கழித்து, பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் லயோலாவுடன் கடைசி ஆட்டம்.

இனி பவுல் விஷயம். அன்றைக்குக் கல்லூரிக் கால்பந்தில் நாடு தழுவிய இறுதிச்சுற்று கிடையாது. பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தரவரிசை போடுவார்கள், அதுவும் பவுல் போட்டிகளுக்கு முன்பே. அந்த ஆண்டு வாக்கில் டென்னசி முதலிடம் பெற்றுப் பட்டத்தை வாங்கிக்கொண்டது. பிறகு சுகர் பவுலில் மேரிலேண்டிடம் 28–13 என்று தோற்றது, ஆனாலும் பட்டம் பட்டம்தான். டான்ஸ் 14-வது இடம். பவுல் என்பது ஒவ்வொரு நகரத்து வணிகர்களும் பிரமுகர்களும் சேர்ந்த ஒரு குழு, புத்தாண்டையொட்டித் தன் ஊரில் நடத்தும் காட்சிப் போட்டி. யாரைக் கூப்பிடுவது என்பது அந்தக் குழுவின் விருப்பம்.

பெரிய பவுல்களில் மேற்கில் இருந்தது ரோஸ் பவுல் ஒன்றுதான். 1947-லிருந்து அது பசிஃபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் பிக் டென் அணிக்கும் ஒப்பந்தப்படி எழுதி வைக்கப்பட்டது. கான்ஃபரன்ஸ் என்றால் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு, பிக் டென்னும் அப்படி ஒன்று. டான்ஸ் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத தனி அணி என்பதால் அந்தக் கதவு முதலிலேயே சாத்தியிருந்தது. அந்த ஆண்டு இல்லினாயும் ஸ்டான்ஃபோர்டும் ஆடின. மிச்சமிருந்தவை நியூ ஆர்லியன்ஸின் சுகர், மயாமியின் ஆரஞ்ச், டாலஸின் காட்டன், ஜாக்சன்வில்லின் கேட்டர், எல் பாசோவின் சன். எல்லாமே தெற்கு. பள்ளி, பஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் நிறப் பிரிவினை சட்டமாக இருந்த மாநிலங்கள்.

அங்கே கறுப்பின வீரர்கள் உள்ள அணிகளைப் பற்றி எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. கூப்பிட்டால் அவர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வடக்குக் கல்லூரிகள் பல இதற்குத் தலையாட்டியிருக்கின்றன. பாஸ்டன் காலேஜ் தன் நட்சத்திர ஓட்டக்காரர் லூ மான்ட்காமரியை 1940 காட்டன் பவுலிலும் ஆடவிடவில்லை, 1941 சுகர் பவுலிலும் ஆடவிடவில்லை. மறுத்தவர்களும் உண்டு. 1948 சீசன் முடிவில் லஃபாயட் கல்லூரிக்கு சன் பவுல் அழைப்பு வந்தது, கறுப்பின வீரர் ஆடக்கூடாது என்றதும் போகவில்லை. காட்டன் பவுல் கொஞ்சம் இளகியிருந்தது. 1948-ல் பென் ஸ்டேட்டின் வாலி டிரிப்லெட்டும் டென்னிஸ் ஹாகர்டும் அங்கே ஆடினார்கள். சுகர் பவுலில் முதல் கறுப்பின வீரராகப் பிட்ஸ்பர்க்கின் பாபி கிரியர் இறங்க 1956 ஆக வேண்டியிருந்தது. அதற்கும் ஜார்ஜியா ஆளுநர் வரை எதிர்ப்பு.

மைதானத்துக்குள் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கும் அதே அக்டோபர் மாதமே சாட்சி. ஓக்லஹோமாவில் நடந்த ஆட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டை, அவர் கையில் பந்தே இல்லாத நேரத்தில் எதிரணி ஆள் ஒருவர் முகத்தில் தாக்கித் தாடையை உடைத்தார். இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அதை வரிசையாகப் படம் பிடித்து 1952-ல் புலிட்சர் பரிசு பெற்றார்கள்.

டான்ஸ் வீரர்கள் பின்னாளில் ஒரே குரலில் சொன்னது இது: மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் ஒரு பவுல் கிடைக்கும் என்று தெரிவிக்கப்பட்டது, அணி மறுத்துவிட்டது. ஓட்டெடுப்பு, விவாதம் எதுவும் நடக்கவில்லை, கேட்ட நிமிடமே வேண்டாம் என்றுதான் சொன்னோம் என்பது அவர்கள் நினைவு. பவுல் குழுக்கள் வெளியில் சொன்ன காரணம் வேறு: ஆட்டப் பட்டியல் பலவீனம்.

அந்தக் காரணத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒன்பது ஆட்டத்தில் இரண்டு ஒரே அணியோடு, இரண்டு ராணுவ முகாம் அணிகளோடு. கொரியப் போர்க் காலம் என்பதால் முகாம் அணிகளில் நல்ல வீரர்கள் இருந்தார்கள். ஆனாலும் பெயர்ப் பலகையில் அவை கல்லூரி இல்லையே. கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு போன்ற பக்கத்துப் பெரிய அணிகள் எதுவும் அந்த ஆண்டுப் பட்டியலில் இல்லை. கான்ஃபரன்ஸில் இல்லாத அணிக்கு ஆள் பிடிப்பதே வேலை. பலமான தனி அணியோடு மோதினால் பெரியவர்களுக்கு ஜெயித்தாலும் லாபம் குறைவு, தோற்றாலோ அவமானம்.

ஆனால் சன் பவுல் தேர்ந்தெடுத்தது யாரை? டான்ஸிடம் 47–14 என்று உதைபட்ட அதே பசிஃபிக் கல்லூரியை. அது டெக்சாஸ் டெக்கிடம் 25–14 என்று தோற்றது. தோற்கடித்த அணி வீட்டில், தோற்ற அணி பவுலில். பட்டியல் பலவீனம் என்ற வாதம் இங்கே தடுமாறுகிறது. அதே சமயம், நிற வாதமும் இங்கே முழுசாக நிற்காது, ஏனென்றால் பசிஃபிக் அணியிலும் எடி மேக்கன் என்ற கறுப்பின ஓட்டக்காரர் இருந்தார். இந்தத் தகவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பு: சுகர், ஆரஞ்ச், கேட்டர் மூன்றிலும் நிறமே தடை. சன் பவுலில் மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள சிறிய குழு தனக்கு வசதிப்பட்டவரைக் கூப்பிட்டது, அவ்வளவுதான்.

இப்போது பணம். கீசாரில் டான்ஸுக்குக் கூட்டம் வராததற்கு ஆட்டம் காரணமல்ல. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பெர்க்லி, தெற்கே ஸ்டான்ஃபோர்டு, இரண்டுமே பெரும் கூட்டத்தை இழுத்தன. 1946-ல் தொடங்கிய 49ஈர்ஸ் தொழில்முறை அணி 1950-ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் சேர்ந்து அதே கீசாரில் ஞாயிறுதோறும் ஆடியது. சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியின் அணிக்கு மிஞ்சியது அதன் முன்னாள் மாணவர் வட்டம்தான்.

செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறைக்காகத் தளர்த்தப்பட்ட விதியால் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம் என்றாகிவிட்டது. பெரிய கல்லூரிகள் தாக்குதலுக்கு ஒரு பதினொன்று, தடுப்புக்கு இன்னொரு பதினொன்று என்று இரண்டு அணி வைத்துக்கொண்டன. அவர்களுக்கு ஈடாக நிற்க வேண்டுமானால் உதவித்தொகை, சீருடை, பயணச் செலவு எல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு. 1953-ல் கல்லூரி விளையாட்டுகளின் நிர்வாக அமைப்பான என்.சி.ஏ.ஏ. இந்த முறையை நிறுத்தியது, சிறிய கல்லூரிகள் பலவற்றுக்கு அது தாமதமாக வந்த மருந்து. இதற்கிடையே கொரியப் போருக்கான ஆள்சேர்ப்பால் ஆண்கள் கல்லூரியில் மாணவர் வருகையும் சரிந்தது.

இது டான்ஸ் ஒருவரின் நோய் அல்ல. பக்கத்து செயின்ட் மேரீஸ் 1950 சீசனோடு நிறுத்தியது. கடைசி ஆட்டத்தில் எதிரே நின்ற லயோலாவும் 1951-ஓடு நிறுத்தியது. 1950 ஆரஞ்ச் பவுலையே வென்ற சாண்டா கிளாரா 1952-ஓடு நிறுத்தியது. பவுல் பணம் வந்தும் சாண்டா கிளாரா பிழைக்கவில்லை என்பதைப் பார்த்தால், 1952 புத்தாண்டில் டான்ஸுக்கு ஒரு பவுல் கிடைத்திருந்தாலும் இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு இழுத்திருக்குமே தவிர நிலைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சீசன் முடிந்த சூட்டோடு நிர்வாகம் கால்பந்தை நிறுத்துவதாக அறிவித்தது. கல்லூரிக்கு விளையாட்டுப் பெயர் போய்விடவில்லை. ஆட்களும் செலவும் குறைவான கூடைப்பந்தில் பில் ரஸ்ஸல், கே.சி. ஜோன்ஸ் ஆகியோரோடு 1955, 1956 இரண்டு ஆண்டும் நாட்டுப் பட்டத்தை வென்றது.

அணி நல்ல அணியா என்ற கேள்விக்கு, கலைந்த பிறகு நடந்ததே பதில். 1952-ல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது மேட்சனை மூன்றாவது ஆளாகச் சிகாகோ கார்டினல்ஸ் எடுத்தது; குஹாரிக்கும் அந்த ஆண்டு அங்கேயே பயிற்சியாளராகப் போனார். அதே கோடையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மேட்சன் 400 மீட்டரில் வெண்கலமும் 4×400 தொடரோட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். மார்கெட்டி பால்டிமோர் கோல்ட்ஸில் தன் காலத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். கல்லூரி முடியாத செயின்ட் கிளேர் துல்சாவுக்கு மாறி ஒரு ஆண்டு ஆடிவிட்டு, 49ஈர்ஸில் சேர்ந்து மறுபடி கீசாருக்கே வந்தார். எட் பிரவுன் சிகாகோ பேர்ஸின் குவார்ட்டர்பேக். மேட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இருக்கிறார்கள். ஒரே கல்லூரியின் ஒரே சீசன் அணியிலிருந்து மூன்று பேர் என்பது பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் அரிதாகவே வாய்ப்பது. செய்தித் தொடர்பாளர் ரோசெல் ராம்ஸ் அணியின் பொது மேலாளராகி, 1959-ல் மேட்சன் ஒருவருக்காக ஒன்பது பேரைக் கொடுத்துப் பண்டமாற்று செய்தார். மறு ஆண்டே என்.எஃப்.எல். ஆணையர். முப்பது ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார்.

பர்ல் டோலருக்கு மட்டும் அதிர்ஷ்டம் கைவிட்டது. அணியிலேயே சிறந்தவர் அவர்தான் என்று தோழர்கள் சொல்வதுண்டு. 1952 கல்லூரி நட்சத்திரங்கள் ஆட்டத்தில் முழங்கால் நொறுங்கி, ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகிப் பள்ளித் தலைமை ஆசிரியரானார். 1965-ல் என்.எஃப்.எல்.-லின் முதல் கறுப்பின நடுவர் ஆனார். 1980 ஜனவரியில் என்.எஃப்.எல்.-லின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், நடுவர் குழுவில் ஒருவரான தலைமை லைன்ஸ்மனாகக் களமிறங்கினார், அந்த இடத்தில் நின்ற முதல் கறுப்பினத்தவர். ஆணையராக ரோசெலும் அங்கே இருந்தார். ஆட்டம் நடந்தது பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில், டான்ஸ் தன் கடைசி ஆட்டத்தை 20–2 என்று முடித்துக்கொண்ட அதே புல்வெளியில்.